ஊமைப் பெண்ணிடம் சொன்னது

"அய்யோ! அட்டை!"

பரிமளம் போட்ட கூச்சலுக்கு மழையே ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்க வேண்டும். நிற்கவில்லை. கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து மழைக்கு அவ்வளவு மரியாதை தெரியாது. ஹட்டனில் பஸ் ஏறும்போது பல்லைக் காட்டிய வெயில், இங்கே இறங்கியதும் எங்கே போய்த் தொலைந்ததோ... குடையோ பூட்டிய பெட்டிக்குள். சரி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் ஓடி ஒதுங்குவோம் என்று வந்தால், கணுக்காலில் இரண்டு அட்டை!

மூலையில் ஒரு பெண் நின்றிருந்தாள். சிவப்புச் சேலை, முக்காடு, கை நிறையக் கண்ணாடி வளையல். தூணில் யாரோ வெற்றிலைக்காரி துடைத்து வைத்திருந்த சுண்ணாம்பை ஒரு விரலில் வழித்துக்கொண்டு வந்து, குனிந்து, அட்டைகளின் மேல் தடவினாள். இரண்டும் சுருண்டு விழுந்தன.

"நீங்க நல்லா இருக்கணும்க்கா!"

அக்கா பதில் சொல்லவில்லை. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்... அவ்வளவுதான். அம்மாடி, என்ன கண்கள்! மழையில் கழுவிய மாதிரி, கருகருவென்று... பெண்ணாய்ப் பிறந்த பரிமளத்துக்கே பொறாமையாக இருந்தது.

"பேரென்னக்கா?"

அந்தப் பெண் வாயில் விரலை வைத்துத் தலையை ஆட்டினாள். அடடா, ஊமையா! பாவமே...

பதில் பேசாத ஆளிடம் பேசுவது எவ்வளவு சுகம் என்று பரிமளத்துக்கு அன்றுதான் தெரிந்தது. கொட்டித் தீர்த்துவிட்டாள். ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் தம்பையாவின் ஒரே மகள் தான் என்பது, கண்டியில் டீச்சருக்குப் படிப்பது, மூன்று வாரம் இந்தத் தோட்டத்து வாலிபர்களோடு வேலை செய்து நற்சான்று வாங்க வேண்டியிருப்பது... ஒன்றையும் விடவில்லை.

"தோட்டத்துப் பசங்க முரடுங்கன்னு அப்பா சொல்றாங்கக்கா. எனக்குப் பயமா இருக்கு. இது முடிஞ்சதும் மாத்தளையிலருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்களாம். நான் அவரைப் பாத்ததுகூட இல்ல. வீட்டுல எல்லாரும் பேசுறாங்க, சிரிக்கிறாங்க... ஏம்மா, உனக்கு என்ன வேணும்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேக்கலக்கா..."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஊமைப் பெண் கொஞ்ச நேரம் விழித்தாள். பிறகு தன் முந்தானையின் ஓரத்தை நீட்டினாள். பரிமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மழை சற்றே விட்டதும் அந்தப் பெண் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போய்விட்டாள். சேலை கட்டிக்கொண்டு இப்படியா ஏறுவாள் ஒருத்தி!

தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் செல்லசாமியின் வீட்டில்தான் பரிமளத்துக்குத் தங்க இடம். அன்று சாயந்திரமே வாத்தியார் மனைவி அம்மாக்கண்ணுவிடம் விசாரித்தாள்.

"ஏங்க, இங்க ஒரு ஊமைப் பொண்ணு இருக்காங்களே, எந்த லயத்து வீடு?"

"நல்ல கதை! எங்க தோட்டத்துல ஊமையா? இங்க ஒவ்வொருத்திக்கும் ரெண்டு வாயில்ல இருக்கு!"

பரிமளத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போ மடுவத்தில் பார்த்தது யாரை? பேயா? பேய் எங்கேயாவது அட்டைக்குச் சுண்ணாம்பு தடவுமா...

மறுநாள் வேலை முடிந்து இருபத்து மூன்று வாலிபர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். வாலிபர் சங்கச் செயலாளர் என்று ஒருவன் முன்னால் வந்து நின்றான். பெயர் அழகன். தேயிலை பேக்டரியில் வேலை. பெயரை வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை என்று பரிமளத்துக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

அவன் மேசை மேல் ஒரு சவர்க்காரத் துண்டை வைத்தான்.

"இந்தச் சோப்பைக் காலுல தேச்சுக்கங்க டீச்சர். அட்டை கிட்ட வராது."

"எனக்கு அட்டைன்னா பயம்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"அது... டவுன்காரங்களுக்குப் பயம்தானே டீச்சர்." சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "டேய், இங்க யாரும் முரட்டுத்தனம் பண்ணக்கூடாது. டீச்சர் பயந்துக்குவாங்க."

முரட்டுத்தனம்! பரிமளத்துக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தை இவன் வாய்க்கு எப்படி வந்தது?

கண்டியிலிருந்து 'வாலிபர் ஒழுக்கம்' என்று பன்னிரண்டு பாடம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டாவது பாடத்திலேயே பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

"ஒழுக்கம் எங்ககிட்ட கொஞ்சம் கைவசம் இருக்கு டீச்சர்," என்றான் அழகன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "பேப்பர் படிக்க, துரைக்கு மனு எழுதச் சொல்லிக் குடுங்களேன்..."

"சரி. பதிலுக்கு நீங்க என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

"படிக்கட்டுல வழுக்காம ஏற!"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். ஒழுக்கம் பெட்டிக்குள் போயிற்று, பேப்பர் வெளியே வந்தது. ஆறு மணிக்கு மட்டும் வகுப்பை விட்டுவிட வேண்டும். காமன் கூத்துக் காலம் அது. மன்மதனைச் சிவன் எரித்த கதையை ஆடத் தோட்டமே விரதம் இருந்தது. அழகன் கையிலும் மஞ்சள் காப்பு. ஹட்டனில் பிறந்தும் அந்தக் கூத்தைப் பரிமளம் பார்த்ததில்லை. கடைவீதி வீட்டுப் பெண்ணுக்குத் தோட்டத்துக் கூத்து என்ன வேண்டிக்கிடக்கு என்று அப்பா விட்டதில்லை.

நாள் போனதே தெரியவில்லை. ஒரு நாள் தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் போனபோதுதான் அதைப் பார்த்தாள். அழகன் வீட்டு வாசல் கொடியில் காய்ந்தது... அதே சிவப்புச் சேலை!

அடிப் பாவி பரிமளம்! அந்த ஊமைப் பெண் இவன் பெண்டாட்டி! ஜாடை காட்டியே இவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தவள் போல, அதுதான் அம்மாக்கண்ணுவுக்கு ஆளைத் தெரியவில்லை... சரி, இருந்துவிட்டுப் போகட்டும். அவனுக்குப் பெண்டாட்டி இருந்தால் உனக்கென்னடி? உனக்கு எதற்கு இத்தனை ஆத்திரம்?

யாரிடமும் கேட்க வீம்பு விடவில்லை. மறுநாள் அவனிடம் மட்டும் ஒரு குத்துக் குத்திப் பார்த்தாள்.

"பேச மாட்டாங்களே, அவங்கள நான் கேட்டதாச் சொல்லுங்க."

அழகனின் கையிலிருந்த பேப்பர் கீழே விழுந்தது. காது வரை சிவந்து, அதை எடுக்காமலே வெளியே போய்விட்டான். போதாதா? அன்று ராத்திரி பரிமளத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை அப்பாவின் கடிதம் வந்தது. 'சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் கிளம்பி வரவும்.' அவ்வளவுதான். நல்லா இருக்கியா என்றுகூட இல்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் தப்பு மேளச் சத்தம். கூத்தின் கடைசி நாள். ரதியும் மன்மதனும் வீடு வீடாக வருகிறார்கள். அம்மாக்கண்ணு ஆரத்தித் தட்டோடு ஓடினாள். பின்னால் போன பரிமளம் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். சிவப்புச் சேலை, கை நிறைய வளையல்... அந்தக் கண்கள்!

"அக்கா!"

"அக்காவா?" அம்மாக்கண்ணு சிரித்தாள். "நல்லாப் பாரும்மா, நம்ம அழகன்! வருஷா வருஷம் அவன்தானே ரதி. வேஷம் கட்டிக் கெளம்பிட்டா, மேல இருக்குற காமன் பொட்டலைத் தொடுற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது. பேசினா விரதம் போச்சு! நீ வந்த அன்னைக்குக்கூட கீழ டெய்லர் வீட்டுல வேஷம் பொருத்திப் பாத்துட்டு வந்தானே..."

மிச்சம் காதில் விழவில்லை. மானம் போச்சு! ஒரு ஆம்பிளையிடமா... அழுது, மூக்கைச் சிந்தி, முந்தானையில் வேறு துடைத்து... பரிமளம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு ஓடினாள். பஸ் அங்கேதான் நிற்கும். பாதி வழியில் மழை கொட்டியது. ஊர்வலம் ஆளுக்கொரு லயத்தில் ஒதுங்கியது.

ரதி மட்டும் ஒதுங்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையோடு மடுவத்துக்குள் வந்து நின்றது.

"எதுக்கு வந்தீங்க? இன்னும் கேக்க என்ன மிச்சம் இருக்கு?" பரிமளம் வெடித்தாள். "முரடுங்கன்னு சொன்னேனே, வீட்டுக்குப் போய் எல்லாருமாச் சிரிச்சீங்களா? மூணு வாரமா வாய் இருந்துச்சில்ல? அப்பச் சொல்றதுக்கென்ன?"

அழகன் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். காப்பைக் காட்டினான். மேலே பொட்டலைக் காட்டினான். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில், என்ன செய்வதென்று தெரியாமல், முந்தானையின் ஓரத்தை நீட்டினான். அன்றைக்கு நீட்டிய மாதிரியே.

பரிமளத்துக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. இரண்டும்தான். அட, இவனுக்குப் பெண்டாட்டி இல்லை! மனசு கூச்சமில்லாமல் துள்ளியது.

வளைவில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. ஏறினால் ஹட்டன், மாத்தளை மாப்பிள்ளை, எல்லாம் முடிந்தது. ஏறாவிட்டால்... இவன் மனசில் என்ன இருக்கிறது என்றே தெரியாதே!

"பொட்டலைத் தொடுற வரைக்கும்தானே? வாங்க!"

காப்புக் கட்டிய கையைத் தொடக்கூடாது. நீட்டிய முந்தானையை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினாள். வழுக்காமல் ஏற அவன்தானே சொல்லிக்கொடுத்திருந்தான். லயத்து வாசல்களில் நின்றவர்களுக்கு, நனைந்துபோன இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள் என்றுதான் தெரிந்தது. கீழே பஸ் இரண்டு தடவை ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது.

பொட்டலின் நடுவில் காமன் கம்பம். அழகன் மண்ணை மிதித்து நின்றான். மூச்சு வாங்கியது.

"இப்பப் பேசுங்க!"

"சொல்லியிருந்தா அடுத்த பஸ்லயே போயிருப்பீங்க... அந்தப் பயத்துலதான் சொல்லல." தலையைக் குனிந்துகொண்டான். "அன்னைக்கே கேக்கணும்னு தவிச்சேன். வாய் இருந்தும் கேக்க முடியல. அதுக்கப்புறம் கேக்கத் தைரியம் வரல. இப்பக் கேக்குறேன்... உங்களுக்கு என்ன வேணும்?"

மழைத் தண்ணீர் கண்ணில் இறங்கியது. துடைக்காமலே பரிமளம் சொன்னாள்:

"எனக்கு அந்த ஊமைப் பொண்ணுதான் வேணும்."

அழகன் நனைந்த முந்தானையின் ஓரத்தை மறுபடியும் நீட்டினான்.

"காலையில பஸ்ல போறேன்," என்றாள் அவள். "அப்பா கேக்காட்டி என்ன, நானே சொல்லிடுறேன். அடிச்சாலும் சரி."

"விடிஞ்சதும் காப்பு அவுத்துடுவாங்க. நானும் வரவா?"

"வாங்க... ஆனா சேலையை மாத்திக்கிட்டு வாங்க!"