அம்பாரத்தில் விழுந்த பந்து

பந்து கோல் கம்பத்துக்கு மேலே போனது... இன்னும் மேலே போனது... மைதானத்து ஓரத்தில் கொள்முதலுக்குக் காத்திருந்த நெல் அம்பாரத்துக்குள் பொதக்கென்று போய்ப் புதைந்தது.

"சூப்பர் சார்!" என்று பையன்கள் கை தட்டினார்கள்.

சேரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோவாவிலும் கொல்கத்தாவிலும் ஆடிய கால் அல்லவா! பாபநாசம் பக்கத்துக் கல்லூரியில் கால்பந்து கோச்சாகச் சேர்ந்த முதல் நாளே இப்படி ஒரு அடி. வலது முட்டி மட்டும் உள்ளுக்குள் சுரீர் என்றது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, சொல்வதாகவும் இல்லை. ஆட முடியாத கோச்சை எந்தப் பையன் மதிப்பான்?

பந்தை எடுக்க அம்பாரத்தின் மேல் ஏறினான். பூட்ஸ் காலோடு.

"யோவ்! எறங்குய்யா கீழ!"

திரும்பிப் பார்த்தான். துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அப்புறம் அந்தக் கண்கள்... ஏற்கெனவே பெரிய கண்கள், கோபத்தில் இன்னும் பெரிதாகி... எத்தனையோ கோல் கீப்பர்களை நேருக்கு நேர் பார்த்தவன் முதல் தடவையாகத் திகைத்து நின்றான். நின்றதுதான் தப்பு. காலுக்கடியில் நெல் சரிந்தது. ஆளும் சரிந்து, அவள் எதிரிலேயே வந்து உட்கார்ந்தான்.

சட்டையில் கல்லூரிப் பேரைப் பார்த்ததும் அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். 'யோவ்' மட்டும் 'நீங்க' ஆனது.

"திங்கிற நெல்லுல பூட்ஸ் காலோட ஏறுறீங்களே... எந்த ஊருங்க நீங்க?"

"திருக்காட்டுப்பள்ளி..."

"கிழிஞ்சுது! சென்னைன்னு சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்."

"சின்ன வயசுலயே ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் போயிட்டேங்க. பந்து எடுக்கத்தான் ஏறுனேன்."

"சாணிப்பால் கோடு கலைஞ்சு போச்சே... எங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

குவித்த நெல்லின் மேல் சாணியைக் கரைத்துக் கோடாகத் தெளித்து வைப்பது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். யாராவது நெல்லில் கை வைத்தால் கோடு கலைந்து காட்டிக் கொடுத்துவிடும். கேமரா வந்த பிறகு மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவள் அப்பா கண்ணுசாமி விடவில்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்த குடும்பம். சொந்த நிலத்து நெல்லை முதலில் பார்த்தவர் அவர்தான். விடுவாரா?

வந்தார். அம்பாரத்தைச் சுற்றிப் பார்த்தார். சேரனையும் ஒரு சுற்று பார்த்தார்.

"கோட்டக் கலைச்சவன்தான் காவல் இருக்கணும். அதான் மொறை. எடை போடுற வரைக்கும் சாயங்காலம் நீங்க பாத்துக்குங்க தம்பி. மத்த நேரம் நான் பாத்துக்குறேன்."

"அய்யா, எனக்கு டீம் இருக்கு... ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்கு..."

"இங்க உக்காந்தே பாருங்க. கிரவுண்டு எங்க ஓடிப் போவப் போவுது?"

கல்லூரி முதல்வர் மங்களாம்பிகை காப்பாற்றுவார் என்று சேரன் ஓடினான். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை.

"நெல்ல மிதிச்சா அப்படித்தான் சார். போய் உக்காருங்க. ஞாயித்துக்கெழம கும்பகோணம் டீமை ஜெயிக்கலன்னா நம்ம டீமைக் கலைச்சுடுவாங்க. டீம் இல்லன்னா கோச்சும் இல்ல. ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. அதனால்தான் ஓடி வந்திருந்தான்.

மறுநாள் சாயங்காலம் அம்பாரத்தின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு முன்னாள் நட்சத்திரம்.

"சார், ஒரு கிக் அடிச்சுக் காட்டுங்க சார்!" என்று கேப்டன் ஷஹ்பாஸ் கெஞ்சினான்.

"எந்திரிக்க முடியாதுடா... நீ அடி, நான் சொல்றேன். இடுப்பத் திருப்பு! அட, அவ்வளவு இல்லடா, வாசலுக்கா போற?"

இரண்டே நாளில் தொண்டை கட்டிவிட்டது. ஆனால், ஒரு அதிசயம் நடந்திருந்தது. இதுவரை கை தட்டிக்கொண்டு நின்ற பையன்கள் ஓடினார்கள், விழுந்தார்கள், ஒருவனை ஒருவன் திட்டிக்கொண்டே பாஸ் கொடுத்தார்கள்.

"இப்பத்தான் அவங்க ஆடுறாங்க. முன்ன நீங்க ஆடுனீங்க, அவங்க வேடிக்க பாத்தாங்க," என்று டீத் தூக்கைத் திறந்தாள் அவள்.

கனிமொழி. கும்பகோணத்து ஆஸ்பத்திரியில் வேலை. தினமும் வேலை முடிந்து வரும்போது காவலாளிக்கு டீ.

"கைதிக்கு டீயெல்லாம் உண்டாங்க?"

"எங்க நெல்லுக்குத்தான் குடுக்குறேன். நீங்க தூங்கிட்டீங்கன்னா?"

அன்றைக்கு மழை வந்தது. அறுத்து வைத்த குறுவை நெல்லுக்கு எமனாக வருகிற ஐப்பசி மழை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயை இழுத்து மூடி, மிச்சமிருந்த நுனிக்குள் ஒண்டினார்கள். அவள் இமையில் ஒரு துளி நின்றது... விழவா வேண்டாமா என்று யோசித்தது... சேரன் மூச்சு விட மறந்தான்.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் மெல்ல.

"கேளுங்க..." எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடத் தயாராக இருந்தான்.

"வலது முட்டி எத்தன நாளா இப்படி இருக்கு?"

அவன் முகம் சுருங்கிவிட்டது.

"நான் பிசியோதெரபிஸ்ட் சார். நீங்க நாற்காலிய விட்டு எந்திரிக்கிறதப் பாத்தாலே தெரியுது. பசங்ககிட்ட சொல்லிடுங்க. இனிமே காலை வீசி அடிக்காதீங்க."

"என் காலப் பத்தி நீங்க பேச வேண்டாம்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு கடுமையாகச் சொன்னோம் என்று உறைத்தது. அவள் டம்ளரை வைத்தாள். கொட்டுகிற மழையில் விறுவிறுவென்று போய்விட்டாள்.

மறுநாள் தூக்கோடு வந்தது கண்ணுசாமி.

"பொண்ணு டீயப் போட்டுச்சு. கொண்டு போன்னா போவ மாட்டேங்குது. என்ன தம்பி, சண்டையா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப ஏன் சக்கரையே இல்ல?"

சனிக்கிழமை கொள்முதல் நிலையத்தில் முறை வந்தது. எடை போட்டார்கள், லாரியில் ஏற்றினார்கள். சேரனுக்கு விடுதலை. ஆனால், அவன் போகாமல் அந்த வெறும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். இனி அவள் இந்தப் பக்கம் வர என்ன காரணம் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை. கும்பகோணத்துப் பையன்கள் வாட்டசாட்டமாக வந்து இறங்கினார்கள். சேரன் கோட்டுக்கு வெளியே நின்று, கட்டிய தொண்டையால் கத்தினான். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஷஹ்பாஸ் இடுப்பைத் திருப்பினான். அளவாக. கோல்!

மைதானமே துள்ளியது. டீம் பிழைத்தது, கோச்சும் பிழைத்தான்.

முதல்வர் அம்மா பூரிப்போடு மைக்கைப் பிடித்தார். "நம்ம சேரன் சார் இப்ப ஒரு கிக் அடிச்சுக் காட்டுவாங்க!"

பந்தை வைத்துவிட்டார்கள். விசில் பறந்தது. கூட்டத்தின் ஓரத்தில் கண்ணுசாமி... பக்கத்தில் கனிமொழி. அவள் கை வாயைப் பொத்தியிருந்தது. அந்தப் பெரிய கண்களில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. தன் காலுக்காக இன்னொருத்தி பயப்படுகிறாள்... சேரனுக்கு உள்ளே ஏதோ உருகியது.

பந்தைக் குனிந்து எடுத்து ஷஹ்பாஸிடம் கொடுத்தான். மைக்கை வாங்கினான்.

"எனக்கு முட்டி போயிடுச்சுங்க. இனிமே ஆட முடியாது. இத்தன நாளா மறைச்சேன். ஆனா, சொல்லித் தர முடியும். அத இந்த வாரந்தான் கத்துக்கிட்டேன். ஷஹ்பாஸ், நீ அடிடா!"

 பையன்கள் சேரனைத் தூக்க ஓடி வந்தார்கள். அதற்குள் குறுக்கே வந்து நின்றாள் கனிமொழி.

"தூக்காதீங்கடா, முட்டி!" பையன்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நான் கேட்டா கோவம் வரும்... ஊருக்கே மைக்ல சொல்லுவீங்களா?"

"ஊருக்குச் சொல்லலங்க. உங்களுக்குத்தான் சொன்னேன். அன்னிக்குப் பேசுனது தப்பு... மன்னிச்சுடுங்க."

"சரி, மன்னிச்சாச்சு."

"இன்னொண்ணும் இருக்கு. அதுக்கு மைக் வேண்டாம்." எச்சில் விழுங்கினான். "நீங்க வராம ரெண்டு நாளா சோறு எறங்கல. எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குங்க, கனிமொழி. அய்யாகிட்ட வந்து கேக்கட்டுமா?"

அவள் தரையைப் பார்த்தாள். கன்னம் சிவந்தது. குரல் மட்டும் குறும்பு குறையாமல் வந்தது.

"நான் அப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். 'அந்தத் தம்பி எப்ப வாயத் தொறக்கும்'னு எங்கப்பாதான் காத்துக்கிட்டு இருக்காரு."

சேரன் சந்தோஷத்தில் எம்பிக் குதிக்கப் போனான்.

"அய்யோ, முட்டி!" என்று அவன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள் கனிமொழி. அப்புறம் அவன் குதிக்கவில்லை... அவளும் கையை விடவில்லை.