எரிமுடியில் கால் ஊன்றாதவர்கள்

"மனித குலத்தின் இறுதி விடுதலை என்பது மற்ற மனிதர்களிடமிருந்து கிடைக்கும் விடுதலைதான். அதை நோக்கி இன்று நாம் மிதிக்கிறோம்!"

எரிமுடி மலையின் அடிவாரத்தில், கடலுக்கும் கறுப்புச் சரிவுக்கும் நடுவே நின்று தரணீதரன் இப்படி முழங்கியபோது அவருடைய சைக்கிளின் சங்கிலி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கோகிலவாணி குந்தி உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் கிரீஸ்.

"மாட்டியாச்சுங்க. மிதிக்கலாம்."

"பேசிட்டிருக்கறேன்ல?" என்றார் அவர்.

எரிமுடி, அந்தமானுக்கு அப்பால் கடலிலிருந்து எழும்பிய எரிமலைத் தீவு. தீவு ஆறி முடிப்பதற்குள் சட்டம் போட்டுவிட்டார்கள்: இங்கே மோட்டார் ஏறக் கூடாது. தார் கிடையாது. எரிகுழம்பு கல்லாகி, கல் நொறுங்கிச் சரளையான பாதைதான் உண்டு. 'நெரிசலே இல்லாத மலை' என்று விளம்பரம் வந்தது. அதைப் பார்த்து ஊர் உலகமெல்லாம் சைக்கிளோடு வந்து இறங்கியது. நெரிசல் என்றால் மற்றவர்கள்தானே. தன்னையும் அதில் சேர்த்துக்கொள்கிறவர் எவருமில்லை. மோட்டாரை விரட்டிய மலையில் சைக்கிள்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு ஏறினார்கள்.

அதற்குத் தீர்வாக வந்ததுதான் விலக்காடி. மூக்குக் கண்ணாடி போல மாட்டிக்கொள்ள வேண்டும். காதில் செருக, அதோடு இணைந்த இரண்டு குமிழ்கள். மாட்டிய நொடியில் மற்ற ஆட்கள் பார்வையிலிருந்து அழிந்துவிடுவார்கள். அவர்களுடைய பேச்சும் இருமலும் காற்றோசையாக மாறிவிடும். மோதிக்கொள்ளக் கூடாதே என்பதற்காக ஒரு ஏற்பாடு இருந்தது. எதிரில் ஆள் நகர்ந்துகொண்டிருந்தால் பாதை வளைவதாகக் காட்டும், கைப்பிடியும் தானே லேசாகத் திரும்பும். ஆள் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருந்தால் அந்த இடத்தில் ஒரு கரும்பாறையைக் காட்டும். எத்தனை ஆயிரம் பேர் ஏறினாலும் ஒவ்வொருவரும் தன்னந்தனியாகவே ஏறினார்கள். மலையில் விலக்காடியைக் கழற்றுவது 'எட்டிப்பார்த்தல்' என்கிற குற்றம்.

தரணீதரனின் கோயமுத்தூர் சரளைச் சக்கரச் சங்கத்துக்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. அடிவாரத்திலிருந்து உச்சியிலுள்ள எரிவாய் விளிம்புவரை கால் தரையில் படாமல் மிதித்து ஏற வேண்டும். சாட்சியெல்லாம் கிடையாது. மேலே போய், தன் சைக்கிளின் கைப்பிடியைத் தொட்டு, "கால் ஊன்றவில்லை" என்று சத்தியம் செய்தால் போதும். சைக்கிள்காரர் வாக்கைச் சந்தேகிப்பது அநாகரிகம். விலக்காடி வருவதற்கு முன்பு சத்தியம் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்த பிறகு சங்கம் மொத்தமும் செய்தது. உறுப்பினர்களின் கால் பலம் இப்படித் திடீரென்று பெருகியதற்கு மலைக்காற்றே காரணம் என்று சங்கத்தின் ஆண்டு மலரில் கட்டுரை வந்தது. எழுதியவர் தரணீதரன்.

இந்த ஆண்டு தலைவர் வெள்ளிங்கிரி பதவி விலகுகிறார். தவறாமல் சத்தியம் செய்துவந்த மூத்த உறுப்பினர் என்ற முறையில் அந்த நாற்காலி தரணீதரனுக்கு. இன்னும் ஒரே ஒரு சத்தியம் பாக்கி. வீட்டு வாசலுக்குப் புதுப் பெயர்ப்பலகை அடித்து, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்.

"நீ பைய வா கோகிலா. உனக்காக நின்னா எனக்குக் கால் தரையில பட்டுரும். மேல பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு விலக்காடியை மாட்டினார். அடிவாரக் கூட்டம் மொத்தமும் அழிந்தது. கடலும் கறுப்புச் சரிவும் அவரும் மட்டும். முதல் வளைவுவரை ராஜா போல மிதித்தார். வளைவு திரும்பியதும் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்.

அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றுமில்லை. யாருமில்லாத இடத்தில் வெட்கம் எதற்கு? மூச்சு வாங்கினால் வாய்விட்டு முனகினார். களைத்தபோது ஒரு பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பாறையைப் பார்த்து, "அன்புச் சங்கத்தீரே, இந்த நாற்காலி எனக்கு நாற்காலியல்ல, ஒரு நோன்பு" என்று ஏற்புரையை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். நோன்பு என்ற இடத்தில் குரல் தழுதழுப்பது நன்றாக அமைந்தது.

பாதி மலையில் ஒரு வெடிப்பிலிருந்து கந்தக ஆவி புஸ்ஸென்று கிளம்பி முகத்தில் அடித்தது. விலக்காடி மூடுபனியாகிவிட்டது. கண் எரிந்தது. தள்ளிக்கொண்டே ஒரு கையால் அதைக் கழற்றினார், துடைத்துவிட்டு உடனே மாட்டிக்கொள்ளலாம் என்றுதான்.

மலை முழுக்க ஆட்கள். கறுப்புச் சரளையில் எறும்புச் சாரை போல ஒரு வரிசை. அத்தனை பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிக் காலைப் பிசைந்தார். ஒருவர் தேம்பி அழுதுகொண்டே தள்ளினார். தலைவர் வெள்ளிங்கிரி தன் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, வழியில் நின்ற ஒவ்வொருவரையும் பாறையென்று சுற்றிக்கொண்டு போனார்.

தரணீதரன் திரும்பிப் பார்த்தார். பின்னால், தொட்டுவிடும் தூரத்தில், கோகிலவாணி. அவளுடைய விலக்காடி கழுத்தில் தொங்கியது. பெடலில் எழுந்து நின்று, கைப்பிடியை இப்படியும் அப்படியும் ஒடித்து, இருந்த இடத்திலேயே விழாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"நிக்காதீங்க, போய்ட்டே இருங்க. நீங்க நின்னா நானும் கால ஊனோணும்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எப்பக் கழட்டுனே இதை?"

"கீழயே கழட்டிட்டனுங்க. போட்டா தலை சுத்துது."

"அப்பருந்து பின்னாலதான் வர்றியா?"

"உங்களுக்குத்தான் சங்கிலி கழண்டுக்குமே. யாராச்சும் வரோணுமில்ல?"

அவருக்கு முகம் சூடாகியது. கந்தக ஆவி மேல் பழி போட்டுப் பார்த்தார். அது அவருக்கே எடுபடவில்லை. "எல்லாம் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தனுங்க." கொஞ்சம் தயங்கினாள். "அந்த நோன்புன்னு பேசுனீங்களே, அந்தக் கல்லு நம்ம பொருளாளர் ஈஸ்வரமூர்த்தியண்ணன். அவருக்கும் நீங்க கல்லுதான். வாழப்பழம் தின்னுபோட்டுத் தோலை உங்க முதுகுப் பை மேல வெச்சுட்டுப் போய்ட்டாரு."

கையைப் பின்னால் விட்டுத் துழாவினார். இருந்தது.

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டனுங்க," என்றாள் அவள்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் சிரித்திருந்தால் பதிலுக்கு எரிந்து விழுந்திருக்கலாம். விலக்காடியை மாட்டிக்கொண்டார். அவள் மறைந்தாள். ஆனால் இப்போது பாதை வளையும்போதெல்லாம் அங்கே யார் என்று தெரிந்தது. ஒவ்வொரு பாறையும் அவரையே பார்ப்பது போல இருந்தது. மிதித்துப் பார்த்தார், ஐந்தாறு சுற்று ஓடி சைக்கிள் சாய்ந்தது. மறுபடி இறங்கித் தள்ளினார். முதுகு கூசிக்கொண்டே இருந்தது.

எரிவாய் விளிம்பில் கொட்டகை போட்டிருந்தார்கள். அங்கே எல்லோரும் விலக்காடியைக் கழற்றலாம். வியர்வையைத் துடைத்து, தலை சீவி, கம்பீரமாக வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகக் கைப்பிடியைத் தொட்டு, "கால் ஊன்றவில்லை" என்றார்கள். வெள்ளிங்கிரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஈஸ்வரமூர்த்தி இரண்டு முறை சொன்னார்.

தரணீதரன் முறை வந்தது. பின்னால் கோகிலவாணி நின்றாள். கைப்பிடியில் கை வைத்தார். வாயைத் திறந்தார்.

"ஊன்றினேன். தள்ளிக்கொண்டுதான் வந்தேன், பெரும்பாலும்," என்றார்.

வெள்ளிங்கிரி அவசரமாகச் சிரித்தார். "மாப்ள விளையாடறாப்டி."

"விளையாட்டில்லீங்கண்ணா. நெசம்."

"சாட்சி உண்டா?"

உண்மை சொன்ன சுகம் தரணீதரனுக்கு ஏறிவிட்டிருந்தது. அரைகுறையாக நிறுத்த மனசில்லை. யோசிக்காமல் திரும்பி, கையை நீட்டினார்.

"இருக்குது. என்ற சம்சாரம் பாத்தா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது புரிந்தது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவரவர் முகத்தில் ஒரே கேள்வி: இவள் வேறு என்னென்ன பார்த்திருப்பாள்? ஈஸ்வரமூர்த்தி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"ஏம்மா கோகிலா, பாத்தியா?" என்றார் வெள்ளிங்கிரி. 'இல்லை' என்று சொல்லம்மா என்கிற கெஞ்சல் அதில் இருந்தது.

அவள் கணவனைப் பார்த்தாள். "அவரு சொல்றாருல்லங்க. பாத்தேன்."

செயற்குழு அங்கேயே கூடி, ஒரு மூச்சில் முடிவெடுத்தது. எட்டிப்பார்த்தல் குற்றம், கோகிலவாணி சங்கத்திலிருந்து நீக்கப்படுகிறாள், இந்த மலையில் இனி சைக்கிள் ஓட்டக் கூடாது. எட்டிப்பார்த்தவர் சாட்சியம் செல்லாது. சாட்சியம் செல்லாதபோது தரணீதரன் கால் ஊன்றியதற்கு ஆதாரமில்லை. ஆதாரமில்லாமல் ஒருவர் தன்னைத் தாழ்த்திச் சொல்கிறார் என்றால் அதற்குப் பெயர் என்ன? "தன்னடக்கம்!" என்று கூவினார் ஈஸ்வரமூர்த்தி. எல்லோரும் கை தட்டினார்கள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். தலைவர் பதவியோடு 'தன்னடக்கச் செம்மல்' என்று ஒரு விருதும் அந்த இடத்திலேயே பிறந்தது. வேறு எதற்கோ கொண்டுவந்திருந்த பித்தளைக் கேடயம் ஒன்று கைமாறியது.

கைதட்டலுக்கு நடுவில் கோகிலவாணி அவர் காதோரம், "நான் ஊனலீங்க," என்றாள். "ஒரு எடத்துலகூட."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நடக்கிற ஆளுக்குப் பின்னால், நடை வேகத்தில், அந்தச் சரளையில், மலை முழுக்க, கால் ஊன்றாமல் ஒருத்தி வந்திருக்கிறாள். சங்கத்தின் வரலாற்றில் அப்படி ஒருவரும் இல்லை. மேடையில் ஒலிபெருக்கி தயாராக இருந்தது. ஒரு வரி சொன்னால் போதும்.

மேடை ஏறினார். கீழே அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து விலக்காடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கொட்டகை காலியானது. வரிசை வரிசையாகக் கரும்பாறைகள். எது அவள் என்று தெரியவில்லை.

"அன்புச் சங்கத்தீரே," என்று தொடங்கினார். நோன்பு என்ற இடத்தில் குரல் தானாகவே தழுதழுத்தது.

மறுநாள் காலை இறக்கம். தலைவர் முன்னால் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது முறை, தரணீதரன் போனார். கோகிலவாணி தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். சரளை இறக்கத்தில் கைப்பிடியிலிருந்து கையை எடுக்க முடியாது என்பதால், பையில் அடங்காத தன்னடக்கச் செம்மல் கேடயத்தை அவள்தான் தூக்கி வந்தாள்.