நெஞ்சுக்குள் புல் ஏது?

நாய் மட்டும் திரும்பி வந்தது.

பாறைக் குகையின் வாசலில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த ஒச்சாயி அகப்பையைக் கீழே போட்டாள். செவலையின் இடது காது கிழிந்து தொங்கியது. அடிவயிறு நனைந்திருந்தது. வால் பின்னங்கால்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தது.

"சிவனாண்டி! எந்திரிடா! செவலை வந்திருச்சு, தம்பியக் காணோம்!"

வருசநாட்டு மலையில் வேட்டைக்குத் தடை வராத காலம் அது. ஊர்ச் சாமி கும்பிடுக்குக் கறி கொண்டுபோக அந்தக் குடும்பம் வருசா வருசம் மிளா வேட்டைக்கு மலையேறும். மிளா என்றால் துள்ளி விளையாடும் புள்ளிமான் அல்ல. காளை மாட்டு உயரம், மரக்கிளை மாதிரி கொம்பு. இந்த முறை வந்தவர்கள் நான்கு பேர். ஒச்சாயி, அவள் புருசன் கட்டாரி, அவளுடைய தம்பிகள் சிவனாண்டியும் மலைராசனும். வேட்டைக் கறியில் ஆளுக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு, துப்பாக்கிக்கும் ஒரு பங்கு. துப்பாக்கி கட்டாரியுடையது. அதனால் அவனுக்கு எப்போதும் இரண்டு பங்கு. வாயும் அவனுக்கு இரண்டு பங்கு.

முந்தின நாள் பொழுது சாயும்போது கட்டாரி ஒரு கொம்பு மிளாவைச் சுட்டான். அது சரிவில் பாய்ந்து மறைந்தது.

"நெஞ்சுல பட்டிருச்சு! நாலு எட்டுத் தாண்டாது. போய் இழுத்துட்டு வா மாப்ள!" என்றான்.

இளையவன் மலைராசன் அதை நம்பினான். தீப்பெட்டி எடுக்கவில்லை, அரிவாள் எடுக்கவில்லை. நாலு எட்டுக்கு எதற்கு அரிவாள்? நாயைக் கூட்டிக்கொண்டு ஓடினான். இருட்டு விழுந்தது. கத்திக் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. அந்தச் சரிவில் இருட்டில் இறங்கினால் மற்ற மூன்று பேரும் பிணம்தான். விடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

விடிந்தது. வந்தது நாய்.

மேற்கே மேகம் கறுத்து நின்றது. மழை பெய்தால் ரத்தத் தடம் கழுவிப் போய்விடும். தடம் போனால் மலைராசனும் போனான்!

"கயிற எடு. அரிவாள எடு. நடங்க!" என்றாள் ஒச்சாயி.

குண்டு பட்ட இடத்திலிருந்து தடம் பிடித்தார்கள். ஒரு சொட்டு இங்கே, ஒரு சொட்டு அங்கே. மலை இரண்டாகப் பிரியும் முனையில் ரத்தம் நின்றுபோயிற்று. இடப்பக்கம் புல்மேடு. வலப்பக்கம் இருண்ட பள்ளத்தாக்கு. செவலை பள்ளத்தாக்கைப் பார்த்து முனகியது. கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் இறங்க மறுத்தது.

"நாயே போக மாட்டேங்குது, அங்க ஒண்ணும் இல்ல" என்றான் கட்டாரி. "நெஞ்சுல பட்ட உருப்படி ரொம்பத் தூரம் போகாது. இந்த மேட்டுப் புல்லுக்குள்ளதான் விழுந்து கெடக்கும். உன் தம்பியும் பக்கத்துல கால் சுளுக்கிப் படுத்திருப்பான்."

ஆள் உயரப் புல். அரிவாளால் விலக்கி விலக்கித் தேடினார்கள். முழங்கை கிழிந்தது. அட்டை ஏறியது. "மலைராசா! ஏ மலைராசா!" எதிர்ப் பாறைதான் திருப்பிக் கத்தியது. காலை முழுக்க அப்படியே வீணாய்ப் போயிற்று. முதல் மழைத்துளி விழுந்தது.

ஒச்சாயி சட்டென்று திரும்பினாள். ஒரே ஓட்டம்! கடைசி ரத்தம் இருந்த முனைக்கு வந்து, ரத்தம் பட்ட இலையைப் பறித்து, மழை படாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். முகர்ந்தாள். விரலால் தேய்த்தாள். ரத்தம் கறுத்திருந்தது. அதில் பச்சையாய் ஏதோ ஒட்டியிருந்தது. புளித்த வாடை அடித்தது.

மூச்சு வாங்க வந்த கட்டாரியின் மூக்குக்கு நேரே இலையை நீட்டினாள்.

"இது என்னய்யா?"

"ரத்தம்."

"ரத்தத்துக்குள்ள?"

கட்டாரி இலையைத் தள்ளிவிட்டான்.

"மென்ன புல்லுய்யா! நெஞ்சுக்குள்ள புல்லு எங்கருந்து வந்துச்சு?"

மழை வலுத்தது. கட்டாரி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"நான் சுடுறப்ப அது திரும்பிருச்சு. வயித்துல பட்டுச்சு. பாத்தேன்."

"பாத்துட்டா நெஞ்சுன்னு சொன்ன?"

"மாப்ளைக ரெண்டு பேரும் நிக்கிறாங்க. வயித்துல சுட்டேன்னு எப்படிச் சொல்றது?"

சிவனாண்டி கையை ஓங்கினான். ஒச்சாயி குறுக்கே புகுந்தாள்.

"அடிக்கிறத ஊர்ல போய் அடி. இப்ப இந்தாளு கையும் நமக்கு வேணும். வயித்துல பட்ட மிளாவுக்குத் தாகம் எடுக்கும். தண்ணிக்குத்தான் போகும். நாய்க்கு அடிவயிறு நனைஞ்சிருந்துச்சே, அப்ப மழை ஏது? பாத்தேன், புத்தியில ஏறல."

"பேச்சிக் கசம்!" என்று கத்தினான் சிவனாண்டி. பள்ளத்தாக்கின் அடியில் அருவி விழும் ஆழமான மடு அது.

இறங்கினார்கள். பாறை வழுக்கியது. வேரைப் பிடித்துத் தொங்கினார்கள், உட்கார்ந்து சறுக்கினார்கள். பாதி வழியில் யாரோ சீட்டி அடிப்பது போலக் கேட்டது. ஒன்றல்ல, நாலு திசையிலும்!

"செந்நாய்!" என்றான் சிவனாண்டி.

நாய் ஏன் இறங்க மறுத்தது என்பது இப்போது விளங்கியது. செந்நாய் மனிதனைத் தொடாது என்பார்கள். சொன்னவர்கள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து சொன்னவர்கள்.

கசம் தெரிந்தது. கரையில் செந்நாய்க் கூட்டம். தண்ணீருக்குள் கழுத்தளவு ஆழத்தில் அந்தக் கொம்பு மிளா, சாகாமல், தலையைத் தாழ்த்தி நின்றது. அதற்கும் அப்பால், மடுவின் நடுவே ஒரு பாறை. பாறை மேல் மலைராசன்!

"அக்கா! செந்நாய் தொரத்துச்சு! கால் ஒடிஞ்சிருச்சு! தண்ணி ஏறுது!"

மலை மேல் பெய்த மழை அருவியில் செம்மண்ணாய் இறங்கிக்கொண்டிருந்தது. பாறை சாண் சாணாக முங்கியது. நீந்திப் போகலாம் என்றால் வழியில் மிளா. காயம்பட்ட மிளா கொம்பால் குத்தினால் குடல் வெளியே வரும்.

கட்டாரியிடம் ஒரே ஒரு தோட்டா இருந்தது. அதைத் துப்பாக்கியில் போட்டுவிட்டு ஒச்சாயியைப் பார்த்தான்.

"சுடுய்யா" என்றாள் ஒச்சாயி. "பட்ட எடத்த நான் பாத்துச் சொல்றேன்."

அவன் மண்டியிட்டான். மூச்சை அடக்கினான். வெடித்தது! மிளா ஒரு முறை உதறிச் சாய்ந்தது. செந்நாய்கள் சிதறிப் புதருக்குள் ஓடின.

"கழுத்து!" என்றாள் ஒச்சாயி.

கட்டாரி துப்பாக்கியைக் கீழே வைத்தான். யாரும் சொல்லவில்லை, கறி கட்டக் கொண்டுவந்த கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தான். வெள்ளம் அவனை உருட்டியது. அக்காளும் தம்பியும் மரத்தில் முட்டுக்கொடுத்துக் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. விடவில்லை. பாறை முழுக்க முங்கிய நேரத்தில் கட்டாரியின் கை மலைராசனின் கையைப் பிடித்தது.

"இழு! இழு!"

இருவரும் கரையில் வந்து விழுந்தார்கள். மலைராசன் தண்ணீரைத் துப்பிவிட்டு முதல் வார்த்தை பேசினான்.

"நாலு எட்டா மச்சான் இது?"

கட்டாரி அழுதான். மழையில் தெரியவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

தண்ணீர் கரையோரம் ஒதுக்கிய மிளாவைக் கயிறு போட்டு இழுத்தார்கள். தொடைகளையும் கொம்புத் தலையையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் செந்நாய்களுக்கு விட்டார்கள். அவர்களுக்கு முன்பே அவை பாடுபட்டிருந்தன. ஒடிந்த காலுக்கு மூங்கில் சிம்பு கட்டி, தம்பியைச் சிவனாண்டி முதுகில் சுமந்தான். கறி முழுவதையும் கட்டாரியே சுமந்தான். ஒருவரும் மாற்றிக்கொள்ள வரவில்லை.

மறுநாள் ஊரே கூடியது. கொட்டு முழங்கியது. கொம்பைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

"குண்டு எங்கப்பா பட்டுச்சு?" என்று கேட்டார் ஊர்ப் பெரியவர்.

ஒச்சாயி புருசனைப் பார்த்தாள்.

"மொதக் குண்டு வயித்துல" என்றான் கட்டாரி, எல்லாருக்கும் கேட்கும்படி. "நெஞ்சுன்னு பொய் சொன்னேன். அதுல மலைராசன் செத்திருப்பான்."

கறியைக் கூறு போட்டார்கள். துப்பாக்கிப் பங்கை எடுத்து அவன் செவலையின் முன்னால் வைத்தான். கிழிந்த காதோடு அது இரண்டு பங்கையும் தின்று தீர்த்தது.

குறி தப்பலாம். தப்பாதவன் எவனும் பிறக்கவில்லை. பட்ட இடத்தை மாற்றிச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். இன்றைக்கும் அந்த ஊரில் எவனாவது வாய்ச்சவடால் அடித்தால், கூட்டத்தில் ஒருத்தி கேட்பாள்:

"ஏப்பா, புல்லு வந்துச்சா?"