மணிக்கூண்டுக்கு ஏறும் பெயர்

கணபதி வட்டாரத்தில் இருந்த கரீமின் டிவி ரிப்பேர் கடைக்கு அந்தப் பெண் வந்தபோது, ரிட்டயரான சப்-இன்ஸ்பெக்டர் லட்சுமணசாமி ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வந்தவள் சின்னத்தாயி, மில் தொழிலாளி. கையில் ஒரு வீடியோ கேம் கேசட்.

"ஏனுங்க, செத்தவங்க இதுக்குள்ள இருக்க முடியுமுங்களா?"

அவள் மகன் ஆல்வின் பதினாறு வயதில் மஞ்சள் காமாலையில் போய் ஆறு மாதம். ரத்தம் குடிக்கும் பிரபுவின் இருண்ட கோட்டையில், ஒருவன் சாட்டையால் பேய்களை அடித்துக்கொண்டே மேலே ஏறும் ஆட்டம் அது. ஆடியவன் பெயரையும் அவன் எட்டிய இடத்தின் படத்தையும் கேசட் நினைவில் வைத்திருக்கும். ஆல்வின் மணிக்கூண்டு வரை ஏறியிருந்தான். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போய்வந்து அதைப் போட்டுப் பார்ப்பாள் சின்னத்தாயி.

போன மாதம் ஒரு ஞாயிறு, மணிக்கூண்டு மறைந்து கோட்டை வாசல் தெரிந்தது. அடுத்த வாரம் கல்லறைத் தோட்டம். பிறகு அதற்கும் அடுத்த கட்டமான பாதாளக் கிணறு. பெயர் அதேதான் என்றாள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியாதவள். வீட்டு வாசல் பூட்டிக் கிடக்கும் மத்தியானங்களில் உள்ளே அந்த இசை கேட்பதாகப் பக்கத்து வீட்டுப் பாவாத்தாளும் சொன்னாளாம். கணவர் ஜெரோம் லேத் பட்டறையில் இருப்பார். அவருக்கு அதைப் போடவே தெரியாதாம்.

"உச்சிக்கு ஏறுனதும் என்னையக் கூட்டீட்டுப் போவானுங்க" என்றாள், ஊருக்குப் பஸ் ஏறுபவளைப்போல. ஒரு வாரமாக வெறும் கஞ்சித் தண்ணீர்தான் குடிக்கிறாள் என்று கேட்டதும் கரீம் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தான்.

அன்று சாயங்காலமே கரீமும் லட்சுமணசாமியும் அவள் வீட்டுக்குப் போனார்கள். ஜெரோம் இருந்தார். கரீம் கேசட்டைச் சொருகியதும் தேவாலய ஆர்கன் போல ஓர் இசை எழுந்தது. கிணற்றுப் படத்தின் மேல் இறந்த பையனின் பெயர். கரீம் கேமின் பட்டன்களை அழுத்தினான். விரலில் பிசுபிசுப்பு, மெஷின் எண்ணெய் வாசம். லட்சுமணசாமியோ அலமாரியில் ஆல்வினின் நோட்டுகளையும், பெயர் வெட்டிய டிபன் பாக்ஸையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆவின்னா மணிக்கூண்டுல இருந்துல்ல ஏறோணும்? வாசலுக்கு எதுக்கு வருது?" என்றார்.

"கரண்ட்டோட கேசட்டை உருவுனா பதிவு அழிஞ்சுரும் சார்."

"அழிஞ்சதை யாரோ முதல்ல இருந்து ஆடி ஏத்தறாங்க. பையன் நோட்டுல தன் பேரை 'வி' போட்டு எழுதியிருக்கான். திரையில 'டபிள்யூ'. டிபன் பாக்ஸ்லயும் 'டபிள்யூ'. அந்தப் பேரை வெட்டுனது நீங்கதானுங்களே, ஜெரோம்?"

ஜெரோம் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். தூசி துடைக்கக் கரண்ட்டோடு கேசட்டை உருவியது அவர்தானாம். சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளில் வந்து, பின்கதவு வழியாக நுழைந்து, மகன் ஆடியதை நினைவுக்குக் கொண்டுவந்து ஆடினாராம்.

"இன்னொருக்கா அவனைப் பறிகொடுப்பாளேன்னு பயந்துபோட்டேனுங்க. மணிக்கூண்டுல கொண்டுபோய் நிறுத்தீரலாம்னு பார்த்தேன். கை வரலீங்க."

இசை சுற்றிச் சுற்றி ஓடியது. சின்னத்தாயி எழுந்து அதை நிறுத்தினாள். கணவனின் ஒட்டிய கன்னங்களைப் பார்த்தாள்.

"அப்ப மத்தியானச் சோறு?"

சாப்பிடவில்லை என்று அவர் தலையை ஆட்டினார்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று வந்தவர்களிடம் கண்டிப்பாகச் சொன்னாள். சோறு வெந்ததும் நான்கு தட்டு வைத்தாள். நான்காவது யாருக்கென்று கரீம் கேட்க வாயெடுப்பதற்குள், அதன் முன் அவளே உட்கார்ந்தாள்.