தாதியைப் பற்றிச் சொன்ன கதை

யாரும் புழங்காத அறையில் எப்படி இவ்வளவு வெதுவெதுப்பு? மாளிகையின் மாடிக் கூடங்களெல்லாம் கல் வாசனையோடு சில்லென்றிருக்க, குழந்தைகள் அறையில் மட்டும், யாரோ இப்போதுதான் போர்வையை உதறிவிட்டு எழுந்து போனதுபோல, உறங்கிய உடம்பின் சூடும் புளித்த பால் வாசனையும் தங்கியிருந்தன. வழிகாட்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். திறந்திருந்த வாசலுக்குக் குறுக்கே கட்டிய சிவப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பார்வையாளர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பள்ளி விடுமுறை என்பதால் கூடவே வந்திருந்த மகள் அவள் கைப்பையின் வாரைப் பிடித்திருந்தாள்.

"அம்மா, இங்க பேய் இருக்கா?"

"இருந்தாலும் டிக்கெட் எடுத்துட்டுதான் உள்ள வரணும் பாப்பா," என்றார் ஒரு தொப்பிக்காரர்.

சிரிப்பு அடங்கும்வரை வழிகாட்டி காத்திருந்தாள். இந்த இடத்தில் எப்படிப் பேச வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. வேலைக்கு வந்த புதிதில் உள்ளதை உள்ளபடியேதான் சொன்னாள்: இந்த வீட்டுக் குழந்தைக்கு விஷக் காய்ச்சல், தாதி தன்னையும் அதோடு உள்ளே பூட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டாள், குழந்தை பிழைத்தது, தாதி செத்தாள். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் வாய்க்கு வந்தபடி மாற்றினாள். அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். அன்றிலிருந்து அதுதான் கதை.

"ராத்திரியெல்லாம் தாலாட்டுப் பாடினவ," குரலைத் தாழ்த்தினாள், "விடியறதுக்குள்ள அதே கையால குழந்தையோட மூச்சை அடைச்சிட்டா."

"பாவி," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக, தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கயிறு ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மகள் இல்லை.

"நல்லாத்தான் செட் பண்ணியிருக்காங்க," என்றார் தொப்பிக்காரர்.

வழிகாட்டி கதவைத் தட்டினாள். கைப்பிடி சுட்டது.

"கண்ணு, கதவைத் திறடி."

"இரும்மா. இந்த அக்கா பாடறாங்க." தூக்கம் சொக்கும் குரல்.

கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டாள். "நீங்க கொல்லலை. காப்பாத்தினீங்க. நான் சொன்னதுதான் பொய். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். என் புள்ளைய விட்டுடுங்க."

பாட்டு நின்றது. மரத்துக்கு மறுபக்கம், அவள் காதுக்கு நேராக, ஒரு மூச்சு.

"தினமும் கேட்டேன். நீங்க சொல்லச் சொல்லத்தான் எப்படிச் செய்யறதுன்னே தெரிஞ்சுகிட்டேன்."

கட்டில் கிறீச்சிட்டது. சின்னக் கால்கள் உதைத்தன. வேகமாக. மெதுவாக. பிறகு ஒன்றுமில்லை.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

கட்டிலில் மகள். தலை வாரியிருந்தது. போர்வை கழுத்துவரை இழுத்துப் பதமாகச் செருகியிருந்தது. முகத்தின் மேல் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த மூக்கும் உதடும், ஓர் உள்ளங்கைக்கு அடியில் இருப்பதுபோல, இன்னும் நசுங்கிக்கொண்டே இருந்தன.

வழிகாட்டி கயிற்றைத் தள்ளிக்கொண்டு கட்டிலுக்கு ஓடினாள்.

பின்னால், பார்வையாளர்கள் கைதட்டினார்கள்.