திரும்பிப் பார்த்த கன்றுக்குட்டி

கெசியாவுக்கு வந்த கோபத்தில், மேசை மேலிருந்த நாலு வாத்துகளும் பயந்து பறந்திருக்கும். நல்லவேளை, களிமண் வாத்துகள்.

"அபிலாஷ்! மறுபடியும் கன்னுக்குட்டி தலை திரும்பியிருக்குது!"

"நான் தொடவே இல்ல. போட்டோ எடுக்கறது மட்டுந்தான் என் வேலை," என்றான் பக்கத்து வீட்டு அபிலாஷ். "கன்னுக்குக் கழுத்து சுளுக்கோ என்னமோ."

"சிரிப்பு வரல."

எப்படி வரும், கண்ணுகளா? பொம்மைப் படம் எடுப்பது லேசான வேலையா? கன்றை நெல்லளவு நகர்த்த வேண்டும், ஒரு போட்டோ. மறுபடி நெல்லளவு, மறுபடி போட்டோ. பத்துப் போட்டோ சேர்ந்தால்தான் படத்தில் ஒரு நொடி நடக்கும். திங்கட்கிழமை பள்ளியில் போட்டி. இன்றைக்குச் சனிக்கிழமை. கடைசிக் காட்சியையே மூன்று தடவை எடுத்தாகிவிட்டது.

கதை இதுதான். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தாயைத் தொலைத்த கன்று, சிங்காநல்லூர்க் குளத்து வாத்துகளோடு சேர்ந்துகொள்கிறது. முடிவில் வாத்துகளின் பின்னால் ஜம்மென்று நடந்து போக வேண்டும். இந்தக் கன்றோ பாதி வழியில் திரும்பிப் பார்க்கிறது. மூன்று தடவையும்!

"ஏனுங்க..." என்றது ஒரு சின்னக் குரல்.

லின்சி. ஆறு வயது. அவளுடைய அம்மா இறந்ததும், அவருக்குச் சிநேகிதியான கெசியாவின் அம்மா இவளைப் பொள்ளாச்சியிலிருந்து தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். நாலு மாதமாகிறது. பொள்ளாச்சியைப் பற்றி லின்சி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அக்கான்னு கூப்பிடுன்னு எத்தனை தடவை சொல்றது? நானென்ன பேங்க் மேனேஜரா?"

"ஏனுங்க, நான்தானுங்க திருப்புனேன்."

"நீயா!" கெசியா பல்லைக் கடித்தாள். "எதுக்கு?"

லின்சி கவுன் நுனியைத் திருகினாள். "அதோட அம்மா அந்தப் பக்கந்தானுங்களே தொலைஞ்சாங்க. ஒருக்காக்கூடப் பார்க்காமப் போனா, மறந்துபோட்டான்னு அம்மா நெனைச்சுக்குவாங்க."

கெசியா கன்றைப் பார்த்தாள். பாதிக் கோபம் இன்னும் தொண்டையிலேயே நின்றது. மீதி எங்கே போனதென்று தெரியவில்லை.

"நின்னு பார்த்தா, வாத்துங்க உட்டுட்டுப் போயிருமுங்களா?" என்று லின்சி மெதுவாகக் கேட்டாள்.

"போகாது," என்றாள் கெசியா. "அதுங்களும் நிக்கும். கன்னு பார்த்து முடிக்கற வரைக்கும் கூடவே நின்னு பார்க்கும்."

"நாலு வாத்துமா?" அபிலாஷ் தலையில் கை வைத்தான். "இன்னும் அறுபது போட்டோ!"

"புலம்பாம எடு."

லின்சி கன்றைத் திருப்பினாள். கெசியா வாத்துகளைத் திருப்பினாள். மூன்றாவது வாத்தின் கழுத்து கையோடு வந்துவிட்டது. ஒட்டினார்கள்.

இருபதாவது போட்டோவில் லின்சி சொன்னாள்: "எங்கம்மா வாத்து மாதிரி நடந்து காட்டுவாங்க."

"எப்படி?"

லின்சி மேசையைச் சுற்றி ஆடி ஆடி நடந்தாள். அபிலாஷ் சிரித்த சிரிப்பில் செல்போன் ஆடி, ஐந்து போட்டோ வீண். கெசியா திட்டவில்லை.

நாற்பத்தேழாவது போட்டோவில் லின்சி கத்தினாள்.

"ஐயோ, அக்கா! உங்க விரல் படத்துல உழுந்துபோச்சு! எத்தனை தடவை சொல்றது?"

இடுப்பில் கை வைத்து முறைத்தாள்.

"தப்புத்தான் கண்ணு," என்று கெசியா விரலை இழுத்துக்கொண்டாள். அந்தப் போட்டோவை மட்டும் அழிக்க வேண்டாமென்று அபிலாஷுக்குச் சைகை காட்டினாள்.