நியூட்ரான் சுவரில் ஒரு வெற்றிடம்

திரையில் புள்ளி விழாத இடம் ஒன்று இருந்தது. ஏசி முணுமுணுக்கும் கட்டுப்பாட்டு அறையில், சூடேறிய வயர் வாசனைக்கும் ஆறிப்போன காபிக்கும் நடுவே, அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கீழே கான்கிரீட் கூடத்தில் லித்தியம்-11 அணுக்கருக்கள் மெல்லிய தகட்டில் மோதி உடைந்துகொண்டிருந்தன. தெறிக்கும் நியூட்ரான்கள் எதிரே நிற்கும் பிளாஸ்டிக் சுவரில் பட, திரையெங்கும் தூறல் போலப் புள்ளிகள் விழ வேண்டும். நடுவில் மட்டும், யாரோ குறுக்கே நின்று மறைப்பது போல, ஆள் உயரத்துக்கு, ஒன்றுமில்லை.

இந்த அணுக்கருவை அவள் கணவன், அங்கேயே டெக்னீஷியன், "நம்ம வீடு" என்று கிண்டல் செய்வான். நடுவில் ஒரு கரு, தள்ளித் தள்ளி இரண்டு நியூட்ரான். ஒன்றைப் பிடுங்கினால் மற்ற இரண்டும் நெல்லிக்காய் மூட்டையாய்ச் சிதறிவிடும். அவன், அவள், பள்ளிக்குப் போயிருக்கும் பாப்பா.

கூடத்துக்குள் போகிறவர் பலகையிலிருக்கும் தன் சாவியோடு போக வேண்டும். எல்லாச் சாவியும் பலகைக்குத் திரும்பாமல், தகட்டில் மோதும் அணுக்கற்றை ஓடாது. காலையில் கூடத்து வாசலில் நின்று, "இத மாட்டிடு, பின்னாடியே வந்துடறேன்" என்று அவன் நீட்டிய சாவியை அவள்தான் மாட்டினாள். செய்யக் கூடாததுதான். ஆனால் சொன்னபடி வந்துவிட்டானே. இதோ, முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். வாயாடி மனிதன், வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

வெற்றிடம் கையை ஓங்கியது. தரை வழியாக ஒரு குத்து கேட்டது. இன்னொன்று.

"உள்ள யாராவது இருக்காங்களா?" என்றாள்.

"நான் இங்கதானே இருக்கேன்."

திரையில் கை தனியாகப் போனது. பிறகு தலை.

கற்றையை நிறுத்தினாள், பலகையிலிருந்து தன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். பின்னால் அவசரமில்லாத காலடிகள் வந்தன.

கனத்த கதவு நகர்ந்தது. பச்சை ரத்த வாடை. உள்சுவரில் இருந்த அவசர நிறுத்தப் பொத்தான் குத்திக் குத்தி நொறுங்கிக் கிடந்தது. அதில் தோல் ஒட்டியிருந்தது. கீழே ஒரு கை, விரலில் அவள் போட்டுவிட்ட மோதிரம். எட்டு அடி தள்ளித் தலை. அவன்தான். கண் திறந்திருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் கையைப் பற்றியது. சாவியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்து அதை எடுத்துக்கொண்டது. அவள் அலறி முடிப்பதற்குள் கதவு பாதி மூடியிருந்தது. இடைவெளியில் அவள் கணவனின் முகம்.

"இதையும் மாட்டிடறேன். பாப்பாவ நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

கதவு மூடியது. விளக்குகள் அணைந்தன. கற்றை ஓடப்போகும் எச்சரிக்கை மணி அடித்தது.

உடைந்த கையாலேயே, ரத்தம் காயாத அதே பொத்தானை அவள் குத்தினாள். மறுபடி குத்தினாள். இருட்டில், பக்கத்தில், இன்னொரு கையும் குத்தியது.